இரண்டு அங்குலம்

நாங்கள் ஒரு வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினோம். மூன்று மாதம் முடிவதற்குள் அதே இரண்டு அங்குலத்தை இறக்கினோம். இரு முறையும் பணம் செலவாயிற்று. இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுத முயல்கிறோம்.

நாங்கள் என்று எழுதுவது பத்திராதிபர்களின் பன்மை அன்று. உண்மையிலேயே இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் இயற்பியல். எழுதுகிற கை தமிழ்க்காரருடையது, கணக்குகள் இயற்பியல்காரருடையவை, தவறுகள் பொது. எங்களுடன் அப்பா இருக்கிறார். எங்களில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். யாருக்கு எது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. இருவருமே அவரை அப்பா என்றுதான் அழைக்கிறோம்.

அப்பா ஆரணியில் நாற்பத்தைந்து ஆண்டுகள் பட்டு நெய்தவர். குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் இரு கால்களையும் தொங்கவிட்டு, குழியின் விளிம்பில் அமர்ந்து, மிதிபலகைகளை மாறிமாறி மிதித்து நெய்கிற தறி அது. அந்த வேலை கண்ணையும் முட்டியையும் தின்றுவிடும் என்பதை ஆரணியில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் கண் ஒருவாறு தப்பிற்று. முட்டிகள் இரண்டும் போயின. அவர் தறியை விட்டு எழுந்தபோது அதைத் தொடர ஆளில்லை. அடுத்த தலைமுறை கல்லூரிக்குப் போய்விட்டிருந்தது. இதில் எங்களுக்கு ஒரு குற்றவுணர்வு உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

எங்கள் குலதெய்வம் செய்யாற்றின் மறுகரையில் ஒரு சிற்றூரை ஒட்டி இருக்கிறது. கூரையில்லாத அம்மன்; ஒரு வேம்பு, நாலைந்து மண் குதிரைகள், இவ்வளவுதான் கோயில். சுற்றுச்சாலை வழியே போனால் கோயிலுக்கு முக்கால் கிலோமீட்டர் முன்பே வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடக்க வேண்டும். முட்டி போனவருக்கு வரப்பு என்பது மலை. ஆற்றின் குறுக்கே போனால் கோயில் வாசலிலேயே இறங்கலாம். ஆனால் இடையில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் மணல். ஆற்றில் நீர் ஓடாத மாதங்களில் டிராக்டர்கள் அந்த வழியாகத்தான் போய் வருகின்றன. டிராக்டரில் ஏறி உட்கார்ந்து போகிற வயதை அப்பா தாண்டிவிட்டார். நான்கு ஆண்டுகளாக அவர் கோயிலுக்குப் போகவில்லை. கேட்கவும் இல்லை. கேட்காததுதான் எங்களை உறுத்திற்று.

ஆக, 2023இன் இறுதியில் ஒரு ஜிம்னி வாங்கினோம். அந்த ஆண்டு சூன் மாதம்தான் மாருதி சுசுகி அதை ஐந்து கதவுகளோடு இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்திருந்தது. ஏணிச் சட்டம், நான்கு சக்கர இயக்கம், மணலுக்கும் மேட்டுக்கும் தனியாக ஒரு தாழ்கியர், முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் சுருள்வில். இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்துக்கு அது பெரிய வண்டிதான். கல்லூரியில் ஒரு மாதம் அதைப் பற்றியே பேசினார்கள். தமிழ்த் துறைக்கு எதற்கு நான்கு சக்கர இயக்கம் என்று கேட்டவர்களுக்கு, குறிஞ்சிக்கும் பாலைக்கும் போகவேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்தோம்.

வாங்கியதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இரவுகளில் காணொளிகள் பார்த்தோம். பாலைவனத்தில் பறக்கிற வண்டிகள் எல்லாம் உயரமாக இருந்தன. உயரம்தான் மணலுக்கு மருந்து என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். பெருநகரம் ஒன்றில் இருந்த பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் மூன்று வழி சொன்னார். நீளமான புதிய சுருள்வில்லும் அதற்கேற்ற அதிர்வுதாங்கியும் சேர்த்து மாற்றுவது ஒன்று. வண்டியின் உடலை மட்டும் சட்டத்திலிருந்து தூக்கி இடையில் கட்டை கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, இருக்கிற சுருள்வில்லின் தலைமேல் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கெட்டி ரப்பர் போன்ற வளையத்தை வைப்பது. ஸ்பேசர் என்பார்கள். மூன்றாவதுதான் மலிவு. ஆசிரியர்கள் எதைத் தேர்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2024 சனவரியில், அரைநாளில் வேலை முடிந்தது. வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது அப்பா திண்ணையிலிருந்து பார்த்தார். எழுந்து வந்தார். கதவைத் திறந்து ஒரு காலைத் தூக்கினார். கால் படியை எட்டவில்லை.

“வண்டிய தூக்கிட்டீங்க, சரி. என்னை யாருப்பா தூக்கறது?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாங்களும் சிரித்தோம். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வண்டியின் பின்பகுதியில் போட்டுவைத்தோம்.

இந்த இடத்தில் சுருள்வில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய ஜீப், நம் இராணுவமும் காவல்துறையும் நெடுங்காலம் ஓட்டிய ஜிப்சி ஆகியவை பட்டை ஸ்பிரிங்கின் மேல் நின்றவை. எஃகுப் பட்டைகளை அடுக்கி வில்லாக வளைத்த அமைப்பு அது. மாட்டுவண்டிக் காலத்துக்குப் பின் வந்த குதிரை வண்டியிலேயே உண்டு. அந்தப் பட்டை இரண்டு வேலை செய்யும். எடையையும் தாங்கும், அச்சை முன்பின் நகராமல், பக்கவாட்டில் விலகாமல் பிடித்தும் வைத்திருக்கும். சுருள்வில் அப்படியன்று. அது தாங்க மட்டுமே அறியும். அதன்மேல் நிற்கிற அச்சைப் பிடித்துவைக்கத் தனித்தனியே தண்டுகள் வேண்டும். முன்பின் நகர்வைத் தடுக்க இரண்டு கைகள், பக்கவாட்டில் தடுக்கக் குறுக்கே ஒரு தண்டு. 1970இல் இங்கிலாந்தில் ரேஞ்ச் ரோவர் வந்தபோது, காடுமேடு ஏறுகிற வண்டிக்கு இப்படி மென்மையான சுருள்வில் தகுமா என்ற ஐயம் இருந்தது. தகும் என்று அது காட்டியது. 1983இல் லேண்ட் ரோவரே பட்டையைக் கைவிட்டுச் சுருளுக்கு வந்தது. சக்கரம் மேலும் கீழும் நெடுந்தூரம் போய்வரும். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போதும் மற்றவை தரையை விடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தண்டுகள் யாவும் குறிப்பிட்ட ஓர் உயரத்துக்கென்று அளந்து வைக்கப்பட்டவை. உயரத்தை மாற்றினால் ஒவ்வொரு தண்டும் தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும்.

இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. முன்னால் தெரிந்தது, வேகத்தடையில் ஏறி இறங்குகிறபோது அடியில் கேட்ட ஒரு ‘டக்’ ஒலி. வில்லை உயர்த்திவிட்டு அதிர்வுதாங்கியைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டதால், சக்கரம் கீழே தொங்குகிறபோது அது தன் நீளத்தின் எல்லையில் முட்டிக்கொண்டது. நல்ல வண்டியென்றால் ஏதாவது சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். ஸ்டீயரிங் நேராக இருக்கிறபோது வண்டி சற்றே இடப்பக்கம் நகர்ந்தது. அதையும் சாலையின் சரிவு என்று எடுத்துக்கொண்டோம். படித்தவர்களுக்குக் காரணம் கண்டுபிடிப்பது எளிது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். முக்காலி போட்டு, ஒருவர் கையைப் பிடித்து, ஒருவர் இடுப்பைத் தாங்கி, ஒருவழியாக ஏற்றினோம். பொங்கல் வைக்கப் பானை, பச்சரிசி, வெல்லம் எல்லாம் பின்னால். அப்பா வெள்ளை வேட்டியில், மடியில் ஒரு துணிமுடிப்போடு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். முடிப்பில் என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

ஆற்றுக்குள் இறங்கியபோது காலை பத்து மணி. இருநூறு அடி போயிருப்போம். வண்டி இழுக்க மாட்டாமல் திணறியது. மிதித்தோம். மிதிக்க மிதிக்கச் சக்கரங்கள் தம் குழியைத் தாமே தோண்டின. இறங்கிப் பார்த்தால், அச்சின் நடுவில் உருண்டு திரண்டிருக்கிற டிஃபரன்ஷியல் மணல்மேல் பள்ளிகொண்டிருந்தது. அதற்கு மேலே, நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய இரண்டு அங்குல வெற்றிடம், காற்றாட, அழகாக, யாருக்கும் பயனின்றி இருந்தது.

ஊரிலிருந்து டிராக்டர் வர இரண்டு மணி நேரமாயிற்று. அப்பாவை இறக்கி, ஆளுக்கொரு பக்கம் தாங்கி, கரையில் ஒரு கருவேல மரத்தின் கிழிந்த நிழலில் முக்காலியில் உட்கார வைத்தோம். அக்கரையில் வேம்பு தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

டிராக்டர்காரர் முப்பது வயது தாண்டாத இளைஞர். சங்கிலி மாட்டுவதற்கு முன் டயரை ஒரு உதை உதைத்தார்.

“காத்து எவ்ளோ வச்சிருக்கீங்க சார்?”

“இருபத்தெட்டு.”

“ரோட்டுக்கு வச்ச காத்து சார் அது. மண்ல எறங்குனா காத்த எறக்கணும். வண்டிய ஏத்தி இன்னா புண்ணியம்? ஆக்சில் ஏறலையே.”

ஆக்சில் ஏறலையே. ஒரு முதுகலைப் பட்டமும் ஒரு முனைவர் பட்டமும் சேர்ந்து மூன்று மாதம் காணாத ஒன்றை அவர் குனியாமலே கண்டுவிட்டார். முழு அச்சுள்ள வண்டியில் அச்சு சக்கரங்களோடு பிணைந்தது. வில்லோ அச்சுக்கு மேலே இருப்பது. வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது உடல்தான். அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய சக்கரம் ஒன்றே வழி. உடல் உயர்வதால் பயனே இல்லை என்பதில்லை. பாறை ஏறுகிறவர்களுக்கும் வாய்க்கால் மேடுகளைத் தாண்டுகிறவர்களுக்கும் மூக்கும் வயிறும் தட்டாமல் இருக்க அந்த உயரம் உதவும். பெரிய டயர் மாட்ட இடமும் கிடைக்கும். எங்களுக்கு இருந்தது பாறையன்று, மணல்.

சுற்றுச்சாலையில் போய் நடக்கலாம் என்று சொல்லிப் பார்த்தோம். “இன்னொரு நாள் ஆவட்டும்” என்றார் அப்பா. திரும்பினோம். திரும்புகிற வழியில்தான் அது நடந்தது. தேவிகாபுரம் சாலையில் எழுபதில் வந்துகொண்டிருந்தோம். ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. ஒடித்தோம். குட்டி தப்பியது. ஆனால் ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பி நேராகவில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, எதிரே வந்த பேருந்துக்கு ஒரு முழ இடைவெளியில் விலகி, புளியமரத்துக்கு முன்னால் நின்றது. அப்பாவின் தோள் கதவில் மோதிவிட்டது. எலும்பு முறிவில்லை. ஒரு மாதம் கையைத் தூக்க முடியாமல் இருந்தார். எழுபத்தெட்டு வயதில் ஒரு மாதம் என்பது சிறியதன்று.

அன்றிரவு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் இயற்பியல்காரர் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றையும் ஒரு கோணமானியையும் எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்தார். விடை கிடைக்க மாலையாயிற்று. மிதிவண்டியின் முன்கவை நேராக நிற்பதில்லை. மேற்புறம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டு ஓட்டினாலும் முன்சக்கரம் நேராக ஓட முயல்கிறது. காருக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. கேஸ்டர் என்பார்கள். வளைந்து திரும்பிய பின் ஸ்டீயரிங்கைத் தானாக நேராக்குவது அதுதான். முன் அச்சைப் பிடித்திருக்கிற இரு கைகளும் அச்சிலிருந்து பின்னோக்கிச் சென்று சட்டத்தில் மாட்டியிருக்கின்றன. சட்டத்தை உயர்த்தினால் கைகள் சாயும், அச்சு சற்றே உருளும், கேஸ்டர் குறையும். ஓரிரு பாகைதான். அந்த ஓரிரு பாகைதான் எங்களைப் புளியமரத்தடியில் நிறுத்தியது. குறுக்குத் தண்டும் தன் பங்குக்கு அச்சைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. எடைமையம் வேறு உயர்ந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு. சாய்வைத் திருத்தும் புஷ்கள், நீளம் மாற்றத்தக்க குறுக்குத் தண்டு, நீண்ட அதிர்வுதாங்கி, நீண்ட பிரேக் குழாய். முறையாகச் செய்கிறவர்கள் இத்தனையையும் சேர்த்தே செய்கிறார்கள். நாங்கள் வளையத்தை மட்டும் வைத்துவிட்டு வந்தோம்.

அப்பா திண்ணையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அச்சு என்ற சொல் காதில் விழுந்தபோது நிமிர்ந்தார். நெசவில் அச்சு என்பது வேறு. பாவின் இழைகளை ஒன்றோடொன்று சேராமல் பிரித்து நிறுத்துகிற, சீப்பைப் போன்ற கருவி. வண்டியின் அச்சு எது, சட்டம் எது, எது உயர்ந்தது, எது உயரவில்லை என்று அவருக்கு விளக்கினோம். பாதியிலேயே கையமர்த்தினார்.

“நானும் தூக்குனேன்பா ஒரு வாட்டி” என்றார்.

எங்கள் இருவருக்குமே தெரியாத கதை அது. அவர் தனியாகத் தறி போட்ட புதிது. ஐப்பசி அடைமழையில் குழிக்குள் நீர் ஊறிவிட்டது. குழித்தறிக்காரர்களுக்கு மழைக்காலம் பட்டினிக்காலம். பட்டில் ஈரம் ஏறும், குழியில் கால் வைக்க முடியாது. வாங்கிய முன்பணத்துக்குச் சேலை கொடுத்தாக வேண்டும். பாவு நனையாமல் இருக்கத் தறியின் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி முழுத் தறியையும் ஒரு சாண் உயர்த்திவிட்டார். உயர்த்திவிட்டு உட்கார்ந்து மிதித்தால், விழுதிலிருந்து மிதிபலகைக்கு வருகிற கயிறுகள் எல்லாம் குட்டையாகிப்போயிருந்தன. கயிற்றுக்கு முடிச்சுப் போட்டு நீட்டினார். ஒரு முடிச்சுப்போல் இன்னொரு முடிச்சு இல்லை. பாவு ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் வாய் திறந்தது. நாடா போகிற வழியில் இழைகளில் இடித்து, முந்தானையில் நூற்றுக்கு மேற்பட்ட இழைகள் அறுந்தன.

“தறிய தூக்கிட்டேன். குழிய தூக்க முடியுமா?”

அந்தச் சேலையின் கூலி வரவில்லை. முன்பணம் கடனாயிற்று. அந்தக் கடனை அடைக்க எத்தனை ஆண்டு ஆனது என்று கேட்டோம். அவர் எங்களில் ஒருவரைக் காட்டி, இது பிறந்து பள்ளிக்கூடம் சேர்கிற வரைக்கும் என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இத்தனை ஆண்டுகள் அந்தச் செய்தி ஒரே வீட்டில் எங்களோடு இருந்திருக்கிறது. கேட்கத்தான் எங்களுக்கு வண்டி கெட வேண்டியிருந்தது.

நிற்க. இன்னொரு கணக்கும் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் தம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில், விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்தது. பட்டறையில் யாரும் இதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தல் அறிவித்த பிறகு ஒருநாள் பறக்கும் படையினர் வண்டியை நிறுத்தினார்கள். எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் பணத்தைத்தான் தேடினார்கள், உயரத்தை அளக்கவில்லை. பின்னால் கிடந்த முக்காலியைப் பார்த்து இது எதற்கு என்று கேட்டார் ஒருவர். ஏறுவதற்கு என்றோம். சிரித்தார்.

அந்த வாரமே வளையங்களைக் கழற்றினோம். ஆரணியிலேயே, அரிசி ஆலை லாரிகளைப் பழுது பார்க்கிற ஒருவர் கழற்றித் தந்தார். பழைய உயரத்தில் சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்த்தபின் வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடியது.

மணலைப் பற்றிப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தோம். படித்தால், எல்லாவற்றையும் நூறாண்டுக்கு முன்பே ஒருவர் செய்து முடித்திருக்கிறார். ரால்ஃப் பேக்னால்ட், பிரிட்டிஷ் படையின் பொறியாளர். 1920களின் பிற்பகுதியில் எகிப்தில் பணியாற்றியபோது விடுமுறை நாட்களில் நண்பர்களோடு சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனவர். அவற்றில் நான்கு சக்கர இயக்கம் கிடையாது. டயரில் காற்றைக் குறைத்தார். புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைச் செருகினார். மணற்குன்றைக் கண்டால் வேகம் குறைக்காமல் ஏறினார். பின்னர் மணல் எப்படி நகர்கிறது, குன்று எப்படி எழுகிறது என்று ஆராய்ந்து 1941இல் ஒரு நூல் எழுதினார். மணலின் இயற்பியலுக்கு அதுவே இன்றும் அடிப்படை நூல்களில் ஒன்று. இலக்கிய வாசகர்களுக்கு ஓர் உபரிச் செய்தி: இவருடைய தமக்கைதான் ‘நேஷனல் வெல்வெட்’ நாவலை எழுதிய எனிட் பேக்னால்ட். ஒருவர் குதிரையைப் பற்றி எழுதினார், ஒருவர் மணலைப் பற்றி.

காற்றின் கணக்கை இயற்பியல்காரர் பழைய வினாத்தாளின் பின்புறம் போட்டார். ஆட்களோடு வண்டி ஏறத்தாழ 1,400 கிலோ. ஒரு சக்கரத்தின் பங்கு 350. காற்று 28 பிஎஸ்ஐ இருக்கும்போது டயர் தரையைத் தொடுகிற பரப்பு ஏறக்குறைய 180 சதுர சென்டிமீட்டர்; 15க்கு இறக்கினால் 330. கிட்டத்தட்ட இரு மடங்கு. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடை தாங்கும் என்பதால் கணக்கு துல்லியமன்று. ஆனால் போக்கு அதுதான். டயர் பக்கவாட்டில் பரவுவதைவிட முன்பின் நீள்வதுதான் மிகுதி. சக்கரமாக இருந்தது, சற்றே தட்டையான பாதமாகிறது. இதற்குச் செலவு ஒரு குச்சி.

சித்திரையில் மீண்டும் போனோம். இம்முறை விடியுமுன். இரவுக் குளிரில் மணல் சற்றே ஈரம் ஏறி இறுகியிருக்கும். கரையில் நிறுத்தி, வால்வைக் குச்சியால் அழுத்தி, நான்கு டயரிலும் காற்றை இறக்கினோம். அப்பா தானே கதவைத் திறந்து, கைப்பிடியைப் பற்றி, முக்காலி இல்லாமல் ஏறி உட்கார்ந்திருந்தார். தாழ்கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல் மெல்லப் போனோம். முன்பு புதைந்த இடத்தைத் தாண்டினோம்.

ஆற்றின் நடுவில் ஆள்காட்டி ஒன்று எழுந்து கத்தியது. வண்டியைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. “நிறுத்து, முட்டை வச்சிருக்கும்” என்றார் அப்பா. மணலில் நின்றால் மறுபடி கிளம்புவது கடினம். நிறுத்தினோம். எங்களில் ஒருவர் இறங்கிக் கைவிளக்கோடு முன்னால் நடந்தார். பத்தடி தள்ளி, கூழாங்கற்களுக்கு இடையில் கூழாங்கற்களைப் போலவே மூன்று முட்டைகள். நற்றிணையில் உலோச்சனார் பாடிய பதினோராம் பாட்டில், நிலவொளியில் கடற்கரை மணலில் தேர் வரும். சக்கரத்தில் நண்டு நசுங்கிவிடாதபடி பாகன் கடிவாளத்தைப் பார்த்துப் பிடித்து ஓட்டுவான். இருபது ஆண்டுகளாக வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தியிருக்கிறோம். தலைவனின் அருளுள்ளம் என்று குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறோம். மணலில் தேரைத் திருப்புவது எத்தனை கடினம் என்று ஒரு முறையும் சொன்னதில்லை. முட்டைகளை விட்டுப் பெரிதாக வளைந்து போனோம். ஒருமுறை சக்கரம் சுழன்றது. பிறகு பிடித்தது.

எங்கள் ஊர் ஆற்றில் இதையெல்லாம் பழகியிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு அணி செய்வதால் ஆரணி என்பார்கள். அந்தக் கமண்டல நாகநதியில் இப்போது மணலைவிடக் கருவேல முட்கள்தான் மிகுதி. 2003இல் அரசே மணல் குவாரிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பின்னும் முன்னும் எத்தனை லாரி போயிற்று என்பதை ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் அறிவார்கள். அவற்றில் சில லாரிகளின் மணலில்தான் எங்கள் வீடும் நிற்கிறது.

கோயில் வாசலில் அப்பா இறங்கினார். பொழுது புலர்ந்திருந்தது. மடியிலிருந்த முடிப்பை அவிழ்த்தார். உள்ளே அரக்குநிறப் பட்டில் ஒரு முழத் துணி. ஒரு விளிம்பில் இழைகள் அறுந்து தொங்கின. அம்மனின் கல்லில் அதைச் சுற்றிக் கட்டினார். அது எந்தச் சேலையின் துண்டு என்று நாங்கள் கேட்கவில்லை.

திரும்பிக் கரையேறியதும் காற்று நிரப்பினோம். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற சிறு கம்ப்ரெசர்தான். நான்கு டயருக்கும் அரை மணிக்கு மேல் ஆயிற்று. குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். அப்பா அவசரப்படவில்லை. தோளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு வளையங்களும் சில வாரம் வீட்டு மூலையில் கிடந்தன. விற்கலாம் என்று நினைத்தோம். இன்னொருவரைப் புளியமரத்தடிக்கு அனுப்ப மனம் வரவில்லை. ஒருநாள் கல்லூரி விட்டு வந்தபோது அப்பாவின் கட்டில் சற்று உயரமாகத் தெரிந்தது. தாழ்ந்த கட்டிலிலிருந்து எழ முட்டி இடம் கொடுப்பதில்லை என்று அவர் எங்களிடம் சொன்னதேயில்லை. தெருவில் போன தச்சரைக் கூப்பிட்டு, நான்கு கால்களுக்கும் அடியில் வளையங்களை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகைத் துண்டு கொடுத்து, ஆடாமல் நிறுத்தியிருந்தார். எங்கள் முன்னால் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து காட்டினார்.